பாட்டியின் தேக்குக் கட்டிலுக்குக் கரும்பச்சைச் சுவர் சரிப்படுமா?

மாடிவீட்டுக்காரி:

சென்னை நங்கநல்லூரில் சொந்த அடுக்குமாடி வீடு, இரண்டாவது மாடி. படுக்கையறை பத்தடிக்குப் பதினோரடி, உயரம் ஒன்பதரை. மேற்கே பெரிய ஜன்னல், வடக்கே சின்னதாக ஒன்று. தரை ஐவரி நிற விட்ரிஃபைடு டைல்ஸ், சுவர் வெள்ளை, மேலே ஒரே ஒரு டியூப்லைட். கட்டடம் கட்டியவர் எப்படிக் கொடுத்தாரோ அப்படியே இருக்கிறது.

தேவகோட்டையில் பாட்டி வீட்டைப் பாகம் பிரித்தபோது யாரும் கேட்காத மூன்று சாமான்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. கடைசல் கால்களும் நான்கு மூலையிலும் கம்பங்களும் உள்ள தேக்குக் கட்டில், கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி, பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி. மரமெல்லாம் நன்றாகக் கறுத்து, உள்ளே சிவப்பு ஓடுகிற நிறம். அவற்றை இந்த வெள்ளை அறையில் வைத்தால் கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூம் மாதிரி இருக்கிறது. சாமான்களில் குறை இல்லை, அறைதான் அவற்றுக்குப் பொருந்தவில்லை என்று எனக்குப் படுகிறது.

சுவருக்குக் கரும்பச்சை அடிக்கலாம் என்று நினைக்கிறேன். மழைநாளில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே வர மனசு வரக் கூடாது, அப்படி ஓர் அறை வேண்டும். இணையத்தில் பார்க்கிற படங்களெல்லாம் குளிர்நாட்டு வீடுகள். கணப்பு அடுப்பு, வெல்வெட் திரை, சுவர் முழுக்கப் பூ போட்ட வால்பேப்பர். சென்னை மே மாதத்தில் அதைப் பார்த்தாலே வியர்க்கிறது.

வீட்டில் எதிர்ப்பு பலம். அம்மா, "இருட்டில் கொசுதான் சேரும்" என்கிறார். கணவர், மேற்கு வெயிலுக்குக் கறுப்புச் சுவர் அடித்தால் வெந்துபோவோம் என்கிறார். பெயின்ட் கடைக்காரர், "சின்ன ரூமுக்கு லைட் கலர்தான் மேடம்" என்று சொல்லி அட்டையை மூடிவிட்டார். செய்து பார்த்தவர்கள், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள். கட்டில் இருக்கிறது, அதனால் செலவு பெயின்டுக்கும் துணிக்கும் விளக்குக்கும் மட்டும்தான்.

ஜன்னலோரம்:

நானாக இருந்தால் செய்ய மாட்டேன். தம்பி வீட்டில் படுக்கையறைக்குக் கருநீலம் அடித்திருக்கிறார்கள். பகலில் அழகு, மறுக்கவில்லை. ஆனால் நாற்காலி இடித்த இடம், குழந்தை விரல் வைத்த இடம், ஆணி பிடுங்கிய இடம் எல்லாம் வெள்ளையாகப் பல்லைக் காட்டுகிறது. ஃபேன் தூசி வேறு. வெள்ளைச் சுவரில் தூசி தெரியாது, நீலச் சுவரில் விளிம்பெல்லாம் சாம்பல் பூத்துவிடும். வாராவாரம் துடைக்கத் தயார் என்றால் செய்யுங்கள். இல்லையென்றால் கட்டிலின் தலைமாட்டுச் சுவர் ஒன்றை மட்டும் அடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உப்புத்தாள்:

கும்பகோணத்தில் சுண்ணாம்பு அடிக்கும் வேலையில் தொடங்கி, சென்னையில் பெயின்டிங் காண்ட்ராக்ட் எடுத்து, இப்போது ஓய்ந்து உட்கார்ந்திருப்பவன். அடர்நிறம் கேட்டு வருகிறவர்களைக் கடைக்காரர்கள் விரட்டுவதற்கு அழகு காரணமில்லை. அடர்நிறத்தில் வேலை சரியில்லை என்றால் உடனே தெரிந்துவிடும், புகார் வரும். அதுதான் பயம்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் வெந்துபோகும் பயத்தை எடுத்துக்கொள்வோம். அறைக்குள் அடிக்கிற நிறத்தால் அறை பெரிதாகச் சூடாவதில்லை. வெயில் அடிப்பது சுவரின் வெளிப்பக்கத்தில். அங்கே கறுப்பு அடித்தால் சூடு ஏறும், உள்ளே அடித்தால் இல்லை. உள்ளே வருகிற சூடு மேற்கு ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிறது. அதற்கு வேண்டியது வெளியே ஒரு மூங்கில் தட்டி அல்லது வெட்டிவேர்த் தட்டி. கண்ணாடிக்கு வெளியிலேயே வெயிலைத் தடுத்தால்தான் பலன். உள்ளே எத்தனை கனத்தில் திரை போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு தடுப்பதுதான்.

கொசு விஷயத்தில் உங்கள் அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. பகலில் கொசு ஒதுங்குவது இருட்டு மூலையிலும் கறுப்புத் துணியிலும்தான். ஆனால் நாலு கம்பம் உள்ள கட்டிலை வைத்துக்கொண்டு கொசுவுக்குப் பயப்படலாமா? அந்தக் கம்பங்களே வலை கட்டத்தான். வெள்ளைப் பருத்தி வலை ஒன்றைத் தைத்துப் போடுங்கள். கரும்பச்சை அறைக்கு நடுவே அந்த வெள்ளை வலையைப் போல அலங்காரம் வேறு கிடையாது. பணம் கொடுத்து வாங்குகிற எந்தச் சாமானும் அவ்வளவு பழைமையாகத் தெரியாது.

சரி, நிறத்துக்கு வருவோம். ஒவ்வொரு நிறத்துக்கும் அது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்று ஒரு மதிப்பு உண்டு. சுத்தக் கறுப்பு 0, சுத்த வெள்ளை 100. கம்பெனி இணையதளங்களில் பல நிறங்களுக்குப் போட்டிருப்பார்கள், கடையில் கேட்டாலும் பார்த்துச் சொல்வார்கள். உங்கள் இப்போதைய சுவர் 80க்கு மேல் இருக்கும். நீங்கள் மனதில் வைத்திருக்கும் கரும்பச்சை 10க்குள் வந்துவிடும். அதாவது சுவரிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சம் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். அந்த டியூப்லைட்டை வைத்துக்கொண்டு பச்சை அடித்தால் நடுவில் கண் கூசும், மூலையில் கும்மிருட்டு. எல்லோரும் "டார்க் கலர் ரூமைச் சின்னதாக்கும்" என்று சொல்வது இதைத்தான். குறை நிறத்தில் இல்லை, ஒற்றை விளக்கில்.

அதனால் பெயின்ட் வாங்கும் முன் விளக்கு வாங்குங்கள். நான் சொல்வதில் இது ஒன்றை மட்டும் கேட்டாலும் போதும். நம் ஊர்க் கடைகளில் சும்மா கேட்டால் கையில் கொடுப்பது 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம். அதில் பச்சைச் சுவர் ஆஸ்பத்திரிப் பச்சையாகும், பழைய தேக்கு சாம்பல் பூசிய மாதிரி உயிரில்லாமல் நிற்கும். டப்பாவில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்ச விளக்கை வாங்குங்கள். சிஆர்ஐ என்று இன்னொரு எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு அது, 90க்கு மேல் கிடைத்தால் நல்லது. மரத்தின் சிவப்பு அதில்தான் வெளியே வரும். ஒரு பெரிய விளக்குக்குப் பதிலாக அறையில் மூன்று நான்கு இடத்தில் சின்னச் சின்ன விளக்குகள் வையுங்கள். கட்டிலின் இரு பக்கமும் ஒவ்வொன்று, சாய்வு நாற்காலிக்குப் பின்னால் ஒன்று, அலமாரி மேல் கூரையைப் பார்த்து ஒன்று. கூரையைப் பார்த்து வைப்பதை விட்டுவிடாதீர்கள், ஒன்பதரை அடி உயரம் பத்தரையாகத் தெரிவது அதில்தான். டியூப்லைட்டைக் கழற்ற வேண்டாம். தொலைந்த தோட்டைத் தேடவும் பெருக்கவும் அது இருக்கட்டும்.

எந்தப் பச்சை? இந்த மஞ்சள் விளக்கில் எல்லாப் பச்சையும் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாயும். மாலை மேற்கு வெயிலிலும் அப்படித்தான். ஆகவே உங்களுக்குப் பிடித்ததை விட ஒரு படி நீலம் கலந்த பச்சையை எடுங்கள், சுவரில் ஏறி விளக்குப் போட்டபின் நீங்கள் நினைத்த பச்சை வரும். மஞ்சள் கலந்த பச்சையை எடுத்தால் இரவில் பாசி நிறமாகிவிடும். நீலம் வேண்டும் என்று மனசு மாறினால் இன்னும் எச்சரிக்கை தேவை. மஞ்சள் விளக்கில் கருநீலம் வெறும் கறுப்பாகத் தெரியும். மரூனும் அடர் பிரவுனும் உங்களுக்கு வேண்டவே வேண்டாம், அந்தச் சுவரில் சிவப்போடிய தேக்கு கரைந்துபோகும். பச்சை முன்னால்தான் அது எடுத்துக் காட்டும். ஆத்தங்குடி டைல்ஸிலும் பழைய காவித் தரை வீட்டு ஜன்னல்களிலும் சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்கள்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போகிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலிலும் சாய்வாக வெயில் எட்டிப் பார்க்கும். அதற்கு நேரே துணியோ படமோ மாட்டினால் வெளுத்துவிடும்.

அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவரில் கை அளவு அடித்துப் பார்ப்பதும் சரியில்லை, சுற்றியுள்ள வெள்ளை அதை இன்னும் கறுப்பாகக் காட்டும். இரண்டடிக்கு இரண்டடி ஹார்ட்போர்டில் இரண்டு கோட் அடித்து, கட்டிலுக்குப் பின்னால் ஒருநாள், ஜன்னல் பக்கம் ஒருநாள், அலமாரிக்கு அருகில் ஒருநாள் வையுங்கள். காலையில், மாலை ஐந்தரைக்கு, இரவில் புது விளக்கில் பாருங்கள். இரவில் பிடிப்பதை எடுங்கள். படுக்கையறையை நீங்கள் அதிகம் பார்ப்பது இரவில்தானே.

இனி வேலை. அளவு சொல்கிறேன். சுற்றளவு 42 அடி, உயரம் ஒன்பதரை, கதவு ஜன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 350 சதுர அடி. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 120, 130 சதுர அடி வரும். அடர்நிறத்துக்கு மூன்றாவது கோட் அநேகமாக வேண்டியிருக்கும். நான்கு லிட்டரை ஒரே தடவையில் மிஷினில் கலக்கச் சொல்லி வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் நிறம் ஒரு சொட்டு வித்தியாசப்பட்டாலும் சுவரில் கோடு தெரியும். வெள்ளைப் பிரைமர் மேல் நேராகப் பச்சை அடிக்கவிடாதீர்கள். பிரைமரிலேயே சாம்பல் நிறம் கலந்து அடித்தால் ஒரு கோட் மிச்சமாகும், பின்னால் சுரண்டினாலும் வெள்ளை பளிச்சென்று எட்டிப் பார்க்காது. ஜன்னலோரம் சொன்ன "பல்லைக் காட்டுவது" பாதி இதனால்தான்.

பளபளப்பு வேண்டாம், மேட் எடுங்கள். பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளம் எல்லாவற்றையும் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். மேட்டில் ஒரு குறை உண்டு. தேய்த்த இடம் மினுமினுக்கும். முக்கியமாகத் தலைமாட்டுச் சுவரில், எண்ணெய் வைத்த தலை சாய்ந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை வரும், எந்தச் சோப்புக்கும் போகாது. கட்டிலின் தலைமாட்டுப் பலகை தாழ்வாக இருந்தால் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே பத்தமடைப் பாயைச் சட்டமடித்து மாட்டிவிடுங்கள். கோரைப் பாயின் நிறம் பச்சைக்கு நன்றாக எடுக்கும், அழுக்கானால் துடைத்துக்கொள்ளலாம்.

கூரையைப் பளீர் வெள்ளையாக விடாதீர்கள். சந்தன நிறம் அடியுங்கள். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் அடர்நிறத்துக்கு நேர்க்கோடு பிடிப்பது எல்லா மேஸ்திரிக்கும் வராது, அடுக்குமாடிகளில் அந்த மூலையே நேராக இருக்காது. கூரைக்கு ஒரு அடி கீழே சுற்றிலும் மெல்லிய தேக்கு ரீப்பர், அதாவது மரச்சட்டம், அடித்து, அதற்குக் கீழே பச்சை, மேலே கூரையின் சந்தனம் என்று பிரித்துவிட்டால் தொல்லையில்லை. பழைய மதராஸ் பங்களாக்களில் படம் தொங்கவிடுவதற்காக இப்படி ஒரு சட்டம் சுற்றிவரும், பார்த்திருப்பீர்கள். நீங்களும் அதில் கொக்கி மாட்டிப் படங்களைத் தொங்கவிடலாம், சுவரில் ஆணியே அடிக்க வேண்டாம். வெள்ளை ஃபேன் இருந்தால் பிரவுனாக மாற்றுங்கள். எல்லாம் செய்துவிட்டு நட்டநடுவில் வெள்ளை ஃபேன் சுற்றினால் கண் அங்கேதான் போகும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். சுவர் ஈரமாக இருக்கும்போது அடித்தால் அடர்நிறத்தில் உப்பு பூத்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பிப்ரவரிக்கு மேல் செய்யுங்கள்.

கடைத்தெருக்காரன்:

காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய சாமான் வாங்கி விற்பவன். சுவரைப் பற்றி உப்புத்தாள் அண்ணன் சொல்லிவிட்டார், நான் சாமானுக்கு வருகிறேன்.

அக்கா, தயவுசெய்து அந்தக் கட்டிலை யாரிடமும் கொடுத்துச் "சுரண்டிப் புதுசாக்கி" வாங்காதீர்கள். எங்கள் தெருவுக்கு வருகிற நல்ல சாமான்களில் பாதி அப்படித்தான் வீணாகி வருகிறது. மெஷினில் தேய்த்து, மேலே பளபளவென்று பியு (பாலியூரித்தேன்) பூச்சு அடித்துவிட்டால் பர்மாத் தேக்கும் நேற்றுச் செய்த சோபாவும் ஒன்றுதான். முதலில் பழைய பூச்சு என்ன என்று பாருங்கள். கண்ணில் படாத இடத்தில், கட்டிலின் அடிச்சட்டத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்தால் பிசுபிசுப்பாக இளகினால் அது அரக்குப் பாலிஷ். அதைச் சுரண்ட வேண்டிய தேவையே இல்லை. டர்பன்டைன் தொட்ட துணியால் பழைய எண்ணெய் அழுக்கை எடுத்துவிட்டு, பாலிஷ் தேய்ந்த இடத்தில் மட்டும் ஆசாரியிடம் சொல்லி அரக்குப் பாலிஷை மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். பிறகு தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றினால் போதும். அடர்நிற அறையில் விளக்கு மூலையிலிருந்து அடிக்கும்போது அந்த மெருகு மட்டும் தனியாகத் தெரியும், பாருங்கள்.

காலுக்குக் கீழே நைசான மாவு கொட்டியிருக்கிறதா என்று தினமும் பெருக்கும்போது கவனியுங்கள். பழைய ஓட்டை மட்டும் இருந்தால் பயமில்லை. புதிதாக மாவு விழுந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, மருந்து ஏற்றிய பிறகே அறைக்குள் கொண்டுபோகவும்.

அலமாரிக் கண்ணாடியில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும், பின்பக்க ரசம் போனது அது. மாற்றாதீர்கள். புதுக் கண்ணாடி போட்டால் அறையில் உள்ள எல்லாவற்றையும் பட்டப்பகல் மாதிரி காட்டும். ரசம் போன கண்ணாடி விளக்கு வெளிச்சத்தை மங்கலாகத் திருப்பித் தரும், உங்களுக்கு வேண்டியது அதுதானே. விளக்குக்கு எதிரே வரும்படி வையுங்கள்.

துணிக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. வெல்வெட்டு நம் ஈரக்காற்றுக்குப் பூசணம் பிடிக்கும். பழைய கண்டாங்கிச் சேலை இரண்டு இருந்தால் திரை தைத்துவிடுங்கள். அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்புக் கட்டமும் பச்சைச் சுவருக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். மேற்கு ஜன்னலாக இருப்பதால் பின்பக்கம் கோரா காடா லைனிங் கொடுங்கள், இல்லையென்றால் இரண்டு கோடையில் நூல் இற்றுவிடும். தரைக்குப் பவானி ஜமக்காளம், சிவப்பும் கறுப்பும் பட்டை போட்டது. ஐவரி டைல்ஸை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை. ரவிவர்மா அச்சகத்துப் பழைய படம் வீட்டில் இருந்தால் மாட்டுங்கள். வெளியில் வாங்குவதானால் ஜாக்கிரதை. அந்த அச்சகம் தொடங்கியது 1894இல். எங்கள் தெருவிலேயே போன மாதம் அச்சடித்து டீத்தண்ணீரில் நனைத்த படங்களும் "நூறு வருஷத்துச் சாமான்" என்று போகின்றன.

ஒன்று சொல்லிவிடுகிறேன், வியாபாரி சொல்லக் கூடாத பேச்சு இது. இதற்கு மேல் எதுவும் வாங்காதீர்கள். பழைய போன், கிராமபோன் குழாய், கப்பல் மணி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் அது ஹோட்டல் வரவேற்பறை ஆகிவிடும். மூன்று நல்ல சாமான் இருக்கிறது. பத்துக்குப் பதினொன்றுக்கு அது தாராளம்.

வாடகைக்குடி:

வாடகை வீட்டில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக. சுவரைத் தொட முடியாத வீட்டில் நான் கட்டிலுக்குப் பின்னால் கூரையிலிருந்து தரை வரை அடர்பச்சைக் காடாத்துணியைக் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறேன். சுவர் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு துணி எடுத்தால் மடிப்பு விழும். வெளிச்சம் பற்றி மேலே சொன்னது அப்படியே பொருந்துகிறது. மஞ்சள் விளக்கு மாற்றிய அன்றுதான் அறை அறையாக மாறியது. வீட்டைக் காலி செய்யும்போது துணியைச் சுருட்டிக்கொண்டு போகலாம், அட்வான்ஸில் பிடிக்க அவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

பித்தளை விளக்கை மின்விளக்காக மாற்றுகிறவர்கள் மூன்று பின் பிளக்கும் எர்த் ஒயரும் கட்டாயம் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய விளக்கோடு வந்த நூல் சுற்றிய ஒயரை அழகுக்காக வைத்துக்கொள்ள வேண்டாம், உள்ளே ரப்பர் பொடிந்துபோயிருக்கும்.

மாடிவீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. உப்புத்தாள் ஐயா, உங்கள் பதிலை என் கணவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வெளிப்பக்கச் சுவர் பற்றிய இடத்தில் "சரி, அது நியாயம்தான்" என்றார். எங்கள் வீட்டில் இது பெரிய வெற்றி. கொசுவலைக்கு அம்மாவும் சம்மதம்.

இன்னும் இரண்டு சந்தேகம். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு அங்கங்கே பெயின்ட் பொரிந்திருக்கிறது. அதையும் சேர்த்து அடித்துவிடலாமா? இன்னொன்று, அம்மா வந்தால் இந்த அறையில்தான் படுப்பார். எழுபது தாண்டியவர், இரவில் எழுந்து போகும்போது இருட்டில் தடுமாறக் கூடாது. கணவருக்குப் படுத்துக்கொண்டே படிக்கும் பழக்கம் வேறு. இந்த மங்கல் வெளிச்சம் அவருக்குப் போதுமா?

உப்புத்தாள்:

கிழக்குச் சுவரைத் தொடாதீர்கள். அது ஓதம். பெயின்டால் ஓதம் நிற்காது, எந்த விளம்பரம் என்ன சொன்னாலும் சரி. ஒரு பாலித்தீன் தாளை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. குளியலறை டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் போயிருக்கலாம், குழாய் கசியலாம், தரையில் தண்ணீர் தேங்கலாம். பிளம்பரை வைத்து அந்தப் பக்கத்தைச் சரிசெய்துவிட்டு, இந்தப் பக்கம் பொரிந்த பட்டியைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, வாரக் கணக்கில் காயவிட வேண்டும். மேஸ்திரி அவசரப்படுவார், விடாதீர்கள்.

அதுவரை மூன்று சுவரைப் பச்சை அடியுங்கள், கிழக்குச் சுவர் கூரையின் சந்தன நிறத்திலேயே இருக்கட்டும். சொல்லப்போனால் எனக்கு அப்படியே விட்டுவிடத்தான் தோன்றுகிறது. மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர் அது. மாலை வெளிச்சம் அதில் விழுந்து அறைக்குள் திரும்பும். நாலு சுவரும் பச்சையாக இருப்பதை விட அப்போது மற்ற மூன்றின் ஆழம் கூடித் தெரியும். ஆனால் அலமாரியை அந்தச் சுவரில் ஒட்டி வைத்துவிடாதீர்கள். முன்பக்கம் தேக்காக இருந்தாலும் முதுகுப் பலகைக்குப் பெரும்பாலும் மட்டமான மரம் போட்டிருப்பார்கள், பூசணம் பிடிக்கும். வடக்குச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில், மூன்று விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.

பெரியவர்கள் விஷயம் நீங்கள் கேட்டது நல்லது. இருட்டு நிற அறையில் விழுவது இரண்டு காரணத்தால். ஜமக்காளம் டைல்ஸ் மேல் வழுக்கும், அதற்கு அடியில் ரப்பர் வலை விரியுங்கள். கட்டிலின் கறுத்த கால் கறுத்த ஜமக்காளத்தில் தெரியாது. கட்டிலுக்கு அடியில் ஜமக்காளத்தை முழுக்க விடாமல், அம்மா இறங்குகிற பக்கம் ஐவரி டைல்ஸ் தெரிய ஒரு நடைபாதையை விட்டுவிடுங்கள். இங்கே அந்த வெள்ளைத் தரை உதவுகிறது பாருங்கள். கதவிலிருந்து குளியலறை வரை முழங்கால் உயரத்துக்குக் கீழே சின்ன இரவு விளக்கு ஒன்று போதும். ஆள் நடந்தால் எரிகிற வகை கிடைக்கிறது. மேலே போட்டால் தூக்கம் கெடும்.

படிக்கிற விளக்கு தனி. கழுத்து வளைகிற சுவர் விளக்கை அவர் தோளுக்கு மேலே, தலைமாட்டுக்குப் பக்கவாட்டில் மாட்டுங்கள். வெளிச்சம் முழுவதும் புத்தகத்தில் விழட்டும். அதிலும் மஞ்சள் விளக்கே போடலாம், பவரை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். மங்கலாக இருக்க வேண்டியது அறை, புத்தகம் இல்லை. இதற்கெல்லாம் புதுப் பாயின்ட் இழுக்க வேண்டியிருந்தால் பெயின்டுக்கு முன்பே சுவரைக் கொத்தி ஒயர் இழுத்துவிடுங்கள். கரும்பச்சையில் பின்னால் ஒட்டுப்போட்ட இடம் ஆயுசுக்கும் தெரியும்.

ஜன்னலோரம்:

தூசி பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?

உப்புத்தாள்:

தூசி உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். மேட் சுவரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், தேய்த்த கோடு விழும். மெத்தென்ற காய்ந்த தூரிகையால் மேலிருந்து கீழே தட்டிவிட்டால் போதும். ரீப்பர் அடிக்கிறவர்கள் அதன் மேல் விளிம்பைச் சாய்வாகச் சீவச் சொல்லுங்கள், தட்டையாக விட்டால் அங்கே தூசி தங்கும். சோம்பேறிகளுக்கு ஏற்ற அறை இல்லை இது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மாடிவீட்டுக்காரி:

முடிவு செய்துவிட்டேன். குளியலறைக் கசிவை இந்த மாதமே பார்க்கிறோம். பெயின்ட் மழைக்குப் பிறகு. மூன்று சுவர் பச்சை, கிழக்கும் கூரையும் சந்தனம், ரீப்பர் உண்டு. விளக்கை மட்டும் இப்போதே மாற்றிவிட்டோம். வெள்ளைச் சுவராக இருக்கும்போதே கட்டிலின் நிறம் மாறிவிட்டது, கம்பத்தில் உள்ள கடைசல் வரிகளை நான் இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன். அம்மாவிடம் கண்டாங்கி கேட்டிருக்கிறேன். கட்டியதை வெட்டக் கூடாது என்கிறார், பேச்சுவார்த்தை நடக்கிறது.

கடைசியாக ஒன்று. கட்டிலுக்கு மெத்தை எந்த அளவில் வாங்குவது? கடையில் கேட்டால் குவீனா கிங்கா என்கிறார்கள்.

கடைத்தெருக்காரன்:

இரண்டும் சேராது அக்கா. அந்தக் காலத்துக் கட்டில் ஆசாரி மனசுக்கு வந்த அளவு. சட்டத்துக்கு உள்ளளவை நீளத்தில் இரண்டு இடம், அகலத்தில் மூன்று இடம் எடுங்கள், ஒன்றுக்கொன்று அரை அங்குலம் வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இருப்பதில் சின்ன அளவை வைத்து அதிலும் அரை அங்குலம் குறைத்துச் செய்யச் சொல்லுங்கள். இலவம்பஞ்சு மெத்தை என்றால் உங்கள் ஏரியாவிலேயே அளவு கொடுத்தால் தைத்துத் தருவார்கள். கனம் நான்கு, ஐந்து அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். இந்தக் கட்டில்கள் ஏற்கெனவே உயரம், மேலே எட்டு அங்குல மெத்தை போட்டால் உங்கள் அம்மாவுக்கு ஏற ஸ்டூல் வேண்டியிருக்கும். நெடுக்குப் பலகைகளில் விரிசல் இருக்கிறதா என்று மெத்தை வரும் முன்பே பார்த்துவிடுங்கள்.